அரிட்டாபட்டி நடைப்பயணம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள் திருத்தும் வேலை நடக்கிறது. கோ-கோ அணியினர் கோப்பையோடு திரும்பினார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக அமைந்தது. உழைத்த அனைவருக்கும் பாராட்டுகள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் சனிக்கிழமை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அரிட்டாபட்டிக்கு அழைத்துச் செல்கிறோம். மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கம், சுமார் 25 கிலோமீட்டர். காலை 6 மணிக்குப் பஸ் புறப்படும். 11 மணிக்குத் திரும்பிவிடும். மலையேற்றம் எதுவும் இல்லை. குடைவரைச் சிவன் கோயிலில், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசர் தடியோடு இருப்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரிதான சிற்பம் அது. பிறகு, சமணத் துறவிகளுக்குக் குகையைக் கொடுத்தவர் பெயரைச் சொல்லும் ஈராயிரம் ஆண்டுப் பழைய தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டு. அவ்வளவுதான். போன வாரம் நானும் வரலாற்று ஆசிரியரும் நடந்து பார்த்தோம். மூட்டுவலிக்காரியான எனக்கே கைகொடுக்க ஆள் தேவைப்படவில்லை.

2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. இந்தப் பகுதிக்கு விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்க ஏலம், ஊர் மக்களின் போராட்டத்துக்குப் பின் 2025 ஜனவரியில் ரத்தானதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அப்படிக் காத்த ஊருக்கு நாம் விருந்தாளிகளாகப் போகிறோம்.

அதனால், சென்ற முறை கீழக்குயில்குடி சமணர் மலையில் நடந்ததைப் பேசியாக வேண்டும். பள்ளிப் பஸ்ஸுக்குப் பின்னால் பதினொரு இருசக்கர வண்டிகள், ஒரு கார். பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தால்தான் வந்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் படிக்கட்டில் பாதி ஏறும் முன்பே இட்லிப் பொட்டலங்கள் பிரிந்துவிட்டன. மேலே பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்களைப் பற்றி ஆசிரியர் சொல்லிக்கொண்டிருக்க, "தொப்பியைப் போடுடா" என்ற குரல்தான் பாறையில் எதிரொலித்தது.

அதையும் சிரித்துக்கொண்டே விட்டிருப்பேன். போட்டோவில் தெளிவாகத் தெரியட்டும் என்று ஒருவர் சாக்பீஸை எடுத்து, அங்கே பழைய வட்டெழுத்தில் இருந்த கல்வெட்டின் மேல் வரையத் தொடங்கினார். ஐந்து எழுத்து போட்டபின்தான் தடுக்க முடிந்தது. ஐந்தாவது, எழுத்தே இல்லை. பாறையில் இருந்த கீறல். அடுத்து வந்து படிப்பவர் எதை நம்புவார்? துடைக்கலாம் என்றால், தேய்க்கத் தேய்க்க எழுத்தும் தேயும். "கல்வெட்டைத் தொடாதே" என்று வகுப்பில் கேட்டுவிட்டு வந்த பிள்ளைகள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆகவே ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். பள்ளி அழைத்த இருவரைத் தவிர வேறு பெற்றோர் யாரும் அரிட்டாபட்டிக்கு வரக் கூடாது. தனி வண்டியிலும் கூடாது, "சும்மா அந்தப் பக்கம் வந்தோம்" என்றும் கூடாது. பின்னால் வண்டி வருவது தெரிந்தால் பஸ் மேலூரிலேயே திரும்பிவிடும். அங்கே பாறை இடுக்குகளில் வல்லூறுகள் கூடு வைக்கின்றன. ஹார்ன் சத்தத்தில் அவை எழுந்து போய்விட்டால், விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி அழைத்துப்போய் என்ன காட்டுவது?

கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை ஐந்து மணி நேரம் கண்ணில் படாமல் விடுவது எளிதல்ல என்று எனக்கும் தெரியும். நானும் ஒரு தாய். சேர்ந்ததும் வகுப்பாசிரியர் குழுவில் தகவல் போடுவார். எவர்சில்வர் டப்பாவில் சிற்றுண்டி, தண்ணீர் பாட்டில், தொப்பி போதும். சம்மதக் கடிதத்தைப் பள்ளி திறந்த முதல் நாளே கொடுத்தனுப்புங்கள்.

சமணர் மலையில் கால் பிசகிய பிள்ளையைத் தோளில் சுமந்து இறக்கிய அப்பாவும், யாரோ போட்ட காகிதங்களை முந்தானையில் பொறுக்கி வந்த அம்மாவும் உங்களில் இருவர்தான். அவர்களைத்தான் இந்த முறை உடன் வரக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கும், ஒத்துழைக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்