அக்காவின் வண்டியை வாசலில் நிறுத்தாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் வந்த கோடை விடுமுறைச் சிறப்புப் பக்கங்களை எங்கள் வீட்டில் எல்லோரும் ஆவலோடு படித்தோம். பொழுதுபோக்குப் பூங்காக்களின் டிக்கெட் விலை, திறக்கும் நேரம், சாப்பாடு, தண்ணீர் சறுக்கு எல்லாம் விவரமாக இருந்தது. நடக்க முடியாத ஒருவரை அழைத்துக்கொண்டு போனால் அங்கே என்ன நிலைமை என்று மட்டும் ஒரு வரி இல்லை. அது தெரியாமல் கிளம்பிப் போய் நாங்கள் பட்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் காலில் காலிப்பர் என்ற தாங்கி, கக்கத்தில் கட்டை என்று நடந்தே சமாளித்தார். பள்ளிக்கூட வேலையும் அப்படியே பார்த்து ஓய்வு பெற்றார். கட்டையை ஊன்றி ஊன்றித் தோள்மூட்டு தேய்ந்துபோனது. நான்கு வருஷமாக பேட்டரியில் ஓடும் மொபிலிட்டி ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். மூன்று சக்கரம், ஒரு இருக்கை, முன்னால் ஒரு கூடை, அவ்வளவுதான். வேகத்தைத் திருகும் குமிழில் ஒரு பக்கம் ஆமை, இன்னொரு பக்கம் முயல் படம் போட்டிருக்கும். கட்டைவிரலால் ஒரு நெம்புகோலை அழுத்தினால் நகரும், விரலை எடுத்தால் தானே நின்றுவிடும். முயலில் வைத்தாலும் வேகமாக நடக்கிறவரோடு சேர்ந்து வரும், அதற்கு மேல் போகாது.

மே மாதம் பேரப்பிள்ளைகளோடு ஒரு பெரிய பூங்காவுக்குப் போனோம். அக்காவுக்கும் முழு டிக்கெட்தான் வாங்கினோம். வாசலில் காவலாளி தடுத்தார். "பேட்டரி வண்டி உள்ளே விட ஆர்டர் இல்லை சார்." மேலாளரைக் கூப்பிட்டோம். தரை ஈரமாக இருக்கும், மின்சார வண்டி ஆபத்து, கூட்டத்தில் யார் மேலாவது இடித்தால் யார் பொறுப்பு என்றார். அவர் பேசியதெல்லாம் என்னிடம்தான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அக்காவை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

வண்டியை வாசலில் விட்டுவிட்டு அவர்கள் கொடுத்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் ஒரு பக்கம் கால்மிதி இல்லை. அக்காவின் இடது கால் தானாகத் தூக்கி நிற்காது, தொங்கித் தரையில் இழுபட்டது. ஒரு துப்பட்டாவால் முழங்காலோடு சேர்த்துக் கட்டினோம். ஜல்லி போட்ட பாதையில் பேரன்கள் மாற்றி மாற்றித் தள்ளினார்கள். மதியம் ஒரு மணி இருக்கும், "என்னை இந்த மரத்தடியில விட்டுட்டு நீங்க போங்கடா, பிள்ளைங்க விளையாடட்டும்" என்றார். சாயங்காலம் ஐந்து மணி வரை அங்கேயேதான் இருந்தார், எங்கள் ஏழு பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக. கழிவறைக்கு ஏறப் படி இருந்தது. அப்படி இருக்கும் என்று நினைத்தே காலையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மே மாத வெயில், ஆசிரியரே.

சக்கர நாற்காலி கொடுத்தோமே, இன்னும் என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கலாம். தோள் போன பிறகு அக்காவால் சக்கரத்தைத் தானே உருட்ட முடியாது, யாராவது தள்ளித்தான் ஆகவேண்டும். ஸ்கூட்டரில் இருந்தால் நினைத்த இடத்துக்குப் போவார், நினைத்த இடத்தில் நிற்பார். வண்டியை வாங்கி வைத்துக்கொள்வது அவர் காலை வாங்கி வைத்துக்கொள்வதுதான். இதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது வேறு ஒரு இடத்தில்.

2023 டிசம்பரில் மகனைப் பார்க்க ஃபுளோரிடா போயிருந்தோம். ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் டிஸ்னி பூங்காக்களுக்கு அழைத்துப் போனான். அங்கே வாசலுக்கு அருகிலேயே ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது, 18 வயது நிரம்பியவர் ஓட்டலாம். முன்பதிவு கிடையாது, காலையிலேயே தீர்ந்துபோகும் என்பதால் மகன் வெளியிலிருந்து ஒன்று எடுத்து வந்திருந்தான். பஸ்ஸில் சாய்வுப் பலகை வைத்து வண்டியோடு ஏற்றினார்கள்.

எப்காட் என்ற பூங்காவில் ஒரு ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. ஒரு சுற்று சுற்றினால் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். பாதி தூரத்தில் எனக்கே கால் வலித்து உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அக்காவைக் காணோம். மகன் பதறிப்போய்த் தேடினான். ஜப்பான் அரங்குக் கடை வாசலில் இருந்தார். வண்டிக் கூடையில் காகிதம் சுற்றிய ஒரு பீங்கான் கிண்ணம். "நானாப் போனேன்டா தம்பி, நானே எடுத்துப் பார்த்து வாங்கினேன்" என்றார். கடைக்குள் எல்லோரும் அவருக்காகக் காத்து நிற்காமல், யாரும் எடுத்துக் காட்டாமல், ஒரு பொருளைத் தானே தேர்ந்தெடுத்து வாங்கியதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். அந்தக் கிண்ணத்தில்தான் இப்போதும் தினம் குங்குமம் வைக்கிறார்.

அங்கேயும் எல்லாவற்றிலும் ஏற முடியாது. அனிமல் கிங்டம் என்ற இன்னொரு டிஸ்னி பூங்காவில் காட்டு விலங்குகளைப் பார்க்கப் போகும் வண்டிக்கு, ஸ்கூட்டரை விட்டுச் சக்கர நாற்காலிக்கு மாறவேண்டும். நாற்காலியோடு ஏற இடம் வைத்திருக்கிறார்கள். ஊழியர்கள் யாரையும் தூக்கிவிட மாட்டார்கள், நாம்தான் மாற்றவேண்டும். சில விளையாட்டுகள் அக்காவுக்கு ஆகவே ஆகாது. அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எதில் ஏறலாம், எதில் மாறவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள், அதைப் படித்து நாங்கள் திட்டமிட்டோம். வரிசையில் முன்னால் விடவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. வரிசைப் பாதையே வண்டி போகும் அகலத்தில் இருந்ததால் அக்கா எல்லோரோடும் வரிசையிலேயே வந்தார். ஊழியர்கள் கேள்வியை அக்காவிடமே கேட்டார்கள்.

தண்ணீர், மின்சாரம் என்று மேலாளர் சொன்ன காரணத்தை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. நீர் விளையாட்டுக்குள் பேட்டரி வண்டி வேண்டாம், சரி. பூங்கா முழுவதுமா நீர் இருக்கிறது? நீருக்குமே வழி கண்டிருக்கிறார்கள். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், உடற்குறை உள்ளவர்களையும் நினைத்து 2010-இல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்ற பூங்கா இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. 2017-இல் அதை ஒட்டி நீர்ப்பூங்கா திறந்தபோது, அழுத்திய காற்றில் ஓடும் நாற்காலிகளைக் கொண்டுவந்தார்கள். பேட்டரியே இல்லை, நனைந்தாலும் பயமில்லை.

நம் ஊரில் சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, பொழுதுபோக்கில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதை உரிமையாகவே சொல்கிறது. 46-ஆவது பிரிவு தனியார் சேவைகளையும் கட்டுப்படுத்தும். 2024 நவம்பர் 8-இல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதியை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த விதி செல்லாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில், சக்கர நாற்காலி மணலைத் தாண்டிக் கடல் பக்கம் போக மரப்பாதை போட்ட பிறகு, அக்கா வயதில் இருப்பவர்கள் எத்தனை பேர் முதல்முறையாக அலைக்குப் பக்கத்தில் போனார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த வருஷப் புயலில் சேதமான பாதையைச் சரிசெய்து மறுபடி திறந்தார்களே, மனமிருந்தால் நடக்கிறது.

பூங்காக்காரர்கள் நாளைக்கே காற்று நாற்காலி வாங்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஸ்கூட்டரை உள்ளே விடுங்கள். ஒரு கழிவறைக்காவது படியை எடுத்துச் சாய்தளம் போடுங்கள். எந்த இடம் வரை வண்டி வரும், எதில் ஏற முடியாது என்பதை டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே எழுதுங்கள். முடியாது என்றாலும் முன்னாலேயே தெரிந்தால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வோம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைச் சிறப்புப் பக்கத்துக்காகப் பூங்காக்களிடம் விவரம் கேட்கும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். தசரா விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் மறுபடி வருகிறார்கள். "நீங்க போங்க, நான் வீட்டில இருக்கேன்" என்று அக்கா இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். அவருடைய ஸ்கூட்டரை உள்ளே விடும் பூங்கா தமிழ்நாட்டில் எங்காவது இருந்தால், போய்வந்த வாசகர்கள் தயவுசெய்து இதே பகுதிக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.