பிளஸ் டூ பிள்ளைகளுக்கான கல்லூரி வழிகாட்டு இயக்கம்: தொடக்க விழாவுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வேதாரண்யம் வட்டாரத்தில் அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் கல்லூரிச் சேர்க்கைக்கு முன்கூட்டியே தயார்படுத்த ஓர் இயக்கம் தொடங்குகிறோம். தொடக்க விழா பொங்கல் கழிந்து, ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

பரீட்சை மார்ச்சில்தானே, அதற்குள் என்ன அவசரம் என்று சிலர் கேட்கிறார்கள். ரிசல்ட் மே மாதம் வருகிறது. பொறியியல், கலை அறிவியல் விண்ணப்பங்கள் எல்லாம் அதையொட்டித் திறந்து சில வாரங்களில் மூடிவிடுகின்றன. அந்தச் சமயத்தில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அகஸ்தியன்பள்ளி, கடினல்வயல் பக்கம் உப்பளங்களில் வேலை மும்முரமாக இருக்கும்; ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போச்சு. விசைப்படகுக்குப் போகிறவர்கள் வீட்டிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் வருமானம் இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க அப்பாவுக்கு நேரமும் இல்லை, கையில் காசும் இல்லை. அதனால்தான் ஜனவரி.

மார்க் இல்லாமல் சீட்டை இழக்கும் பிள்ளைகளைவிட, காகிதம் இல்லாமல் இழக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு மனசு ஆறுவதில்லை. ஒரு பெண்ணின் விஷயத்தைச் சொல்கிறோம். நல்ல கட் ஆஃப். வீட்டில் அதுவரை யாரும் பட்டம் படித்ததில்லை, அதனால் முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைக்கும், கட்டணச் சலுகையும் கிடைக்கும். விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போனால், ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது. அந்த சிம்மை அப்பா எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டார். சரி, அதைச் சரிசெய்து வந்தால் அடுத்த சிக்கல்: பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். கடைசி தேதி போய்விட்டது. பிப்ரவரியில் ஒரே ஒருவர் உட்கார்ந்து அந்தக் காகிதங்களைப் பார்த்திருந்தால் போதும், எல்லாவற்றையும் திருத்தியிருக்கலாம். கஜா புயலில் ஓடு பறந்து, பெட்டியோடு நனைந்துபோன சான்றுகளை இன்னும் திரும்ப வாங்காத வீடுகளும் இங்கே உண்டு.

உரிமையாகக் கிடைக்க வேண்டியது நம் பிள்ளைகளுக்கு நிறையவே இருக்கிறது. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இல் வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே ஆயிரம். ஆனால் பணம் வர, பிள்ளையின் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமே இருக்கிறது, பக்கத்தில் தலைஞாயிற்றில் அதன் கல்லூரி. ஆறுகாட்டுத்துறையிலும் புஷ்பவனத்திலும் கடலைப் பார்த்தே வளர்ந்த எத்தனை பிள்ளைகளுக்கு, அதற்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும், பொறியியல் விண்ணப்பத்திலேயே அது அடங்காது என்று தெரியும்?

விழாவில் பொன்னாடை, மாலை, நீளமான வரவேற்புரை எதுவும் கிடையாது. காலையில் ஒரு மணி நேரம் பேச்சு. அதிலும், இங்கிருந்து போய்ப் படித்து வேலையில் இருக்கும் நம் அக்கா அண்ணன்மார்தான் பேசுவார்கள். அப்புறம் மேஜைகள். ஒவ்வொரு பிள்ளையும் கையில் இருக்கும் காகிதங்களைக் கொண்டுவர, ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எது இல்லை, எதில் பெயர் ஒத்துவரவில்லை என்று எழுதிக் கொடுப்பார். கல்விக்கடனுக்கு ஒரு மேஜை. தாய்மார்களுக்குத் தனியாக ஓர் இடம். விடுதி எப்படி இருக்கும், பெண்பிள்ளையைத் தனியே அனுப்பலாமா என்ற கேள்விகளை மைக் முன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். எங்களைப் பொறுத்தவரை அந்த இடம்தான் விழாவிலேயே முக்கியமானது. அன்று எழுதிய குறிப்புகளை வைத்துக்கொண்டு ஜூன் வரை ஞாயிறுதோறும் வேலை தொடரும்.

செலவைத் திறந்து சொல்கிறோம். பிள்ளைகளும் பெற்றோருமாக 400 பேருக்கு மதியச் சாப்பாடு 24,000 ரூபாய். கோடியக்கரை, வெள்ளப்பள்ளம், நாலுவேதபதி என்று தூரத்து ஊர்களிலிருந்து அழைத்துவர ஐந்து வேன், 15,000. பந்தல், நாற்காலி, மைக் செட் 16,000. கையேடு 500 பிரதி அச்சிட 15,000. ஜெராக்ஸ், போட்டோ, ஃபைல் 10,000. இவற்றோடு, இ-சேவையில் சான்றிதழுக்கு 60 ரூபாய் வீதம், ஆளுக்கு மூன்று சான்றிதழ் என்று நூறு பிள்ளைகளுக்கு 18,000 ஒதுக்கியிருக்கிறோம். மொத்தம் 98,000. குழுவினர் போட்டது 21,000. மீதி 77,000 சேர வேண்டும்.

படிப்புக்காகக் கொடுப்பது இந்த ஊருக்குப் பழக்கமான ஒன்று. பெண்பிள்ளைகள் படிக்கவென்றே 1946இல் சர்தார் வேதரத்தினம் பிள்ளை கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலத்தைத் தொடங்கியது இங்கேதான். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்களே, கஜாவுக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய தார்ப்பாய்க்குக் கீழே படுத்துத் தூங்கிய சின்னப் பிள்ளைகள்தாம் இன்று மேல்நிலை வகுப்புக்கு வந்திருக்கிறார்கள்.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். 180 ரூபாய் இருந்தால் ஒரு பிள்ளையின் சான்றிதழ்ச் செலவு முடிந்தது. பணமாக முடியாதவர்கள் அரிசி, காய்கறி தரலாம், வேனை ஒரு நாள் விடலாம், லேப்டாப்போடு வந்து ஒரு மேஜையில் உட்காரலாம். மேஜைக்கு இன்னும் ஆட்கள் தேவை. விண்ணப்பம் போட்டுப் பழகியவர்கள் அவசியம் வாருங்கள்.

நன்கொடையைக் குழுவின் பொருளாளரிடம் மட்டும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பொங்கலுக்குள் வந்துவிட்டால் வேனுக்கும் அச்சகத்துக்கும் முன்பணம் கொடுக்க வசதியாக இருக்கும். விழா முடிந்த மறுவாரமே வரவு செலவுக் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பணம் மிஞ்சினால், சேர்க்கை சமயத்தில் விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்கு அது போகும்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர்,
வேதாரண்யம்