அலுமாரிக்குள் அடைபடும் குளிர்சாதனப்பெட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் அண்மையில் கட்டப்படும் வீடுகளில் குசினிச் சுவர் முழுவதையும் பான்ட்ரி அலுமாரிகளால் மூடி, நடுவே குளிர்சாதனப்பெட்டியையும் இடைவெளி தெரியாதபடி செருகிவிடும் வழக்கம் பரவி வருவதால், அதுபற்றிச் சில விடயங்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கூற விரும்புகிறேன்.

எமது வீட்டிலும் அவ்வாறே செய்தோம். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய படத்தைப் பார்த்து, தச்சர் பெட்டியின் அளவுக்கே கூடு அடித்தார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. சித்திரை வெயில் தொடங்கியதும் கொம்பிரசர் ஓயாமல் ஓடியது, பக்கத் தகடு சுட்டது, பால் இரண்டாம் நாளே திரிந்தது. திருத்த வந்தவர் எதையும் கழற்றவில்லை. பெட்டியை வெளியே இழுத்து ஓரிரவு விடச் சொன்னார். மறுநாள் குறை எதுவும் இல்லை.

குளிர்சாதனப்பெட்டி தன்னுள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடும் கருவி. அவ்வெப்பத்தை விடும் குழாய்கள் பழைய பெட்டிகளின் பின்புறத்தில் கறுப்புக் கம்பிவலையாகத் தெரிந்தன. இன்றைய பெட்டிகள் பலவற்றில் அவை பக்கத் தகடுகளுக்குள் மறைந்திருப்பதால், பின்னால் மட்டும் இடம்விட்டுப் பக்கங்களைப் பலகையால் இறுக்குவதில் பயனில்லை. உறவினரின் படத்தில் இருந்ததோ அலுமாரிக்குள் வைப்பதற்கென்றே செய்யப்படும் வேறு வகை. அதற்கும் அடியில் காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி வேண்டும். இவ்விரு வழிகளில் ஒவ்வொன்றுக்கும் 200 சதுர சென்ரிமீற்றர் என்பது பொதுவாகக் கேட்கப்படும் அளவு.

பெட்டியின் விபரத் தகட்டில், எவ்வளவு வெப்பமான சூழலுக்கு அது ஏற்றது என்பதைக் காட்டும் காலநிலை வகுப்பும் குறிக்கப்பட்டிருக்கும். 'என்' (N) வகுப்பு 32 பாகை செல்சியஸ் வரைக்கும், 'எஸ்ரி' (ST) 38 வரைக்கும், 'ரி' (T) 43 வரைக்கும் உரியவை. இந்த எண்கள் பெட்டியைச் சுற்றி நிற்கும் காற்றுக்கு உரியவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முற்றத்தில் 34 பாகை என்றால், காற்றோட்டமில்லாத கூட்டினுள் அதைவிடக் கூடவே இருக்கும்.

எனவே கூடு அடிக்குமுன் பெட்டியை வாங்கி, அதன் கையேட்டிலுள்ள இடைவெளி அளவைத் தச்சரிடம் கொடுப்பதே முறை. நாங்கள் பிறகு பக்கங்களிலும் பின்னும் இரண்டு அங்குலமும், மேலே நான்கு அங்குலமும் விட்டோம். மேல் அலுமாரியின் பின்பலகையையும் சுவரிலிருந்து தள்ளி அடித்து, சூடான காற்று மேலெழுந்து போக வழி செய்தோம். கரப்பானுக்குப் பயந்து இவ்வழிகளை அடைப்போர் உண்டு. கம்பிவலை அடித்தால் போதும். குளிரூட்டும் வாயுவாக ஐசோபியூட்டேன் கொண்ட பெட்டிகளில், அவ்வாயு எரியக்கூடியது என்பதால், காற்று வழிகளை அடைக்கவே கூடாது என்று கையேடுகளே எச்சரிக்கின்றன.

பிளக் பொயின்ற் பெட்டியின் பின்னால் இல்லாமல் கை எட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். கதவு செங்கோணத்தைத் தாண்டித் திறக்காவிட்டால், மரக்கறித் தட்டை வெளியே இழுக்கவே முடியாது. எமது வீட்டில் இன்னமும் அந்தக் குறை தீரவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.