பழைய மாஸி வாங்கப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். வேடசந்தூர் பக்கம் நீங்கள் வாங்கிய 6 ஏக்கருக்குப் பழைய ட்ராக்டர் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய். இதையெல்லாம் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். வண்டி பார்க்கப் போகும்போது எடுத்துப் படிக்கிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

முதலில், வாங்கலாமா என்று கேட்டாய். வெறும் கணக்குப் பார்த்தால் 6 ஏக்கருக்குச் சொந்த வண்டி கட்டாது. வாடகைக்கு வண்டி பிடித்து உழுவதுதான் மலிவு. வேளாண் பொறியியல் துறை வண்டியை உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். இருந்தாலும் வாங்கு என்றுதான் சொல்வேன். உங்கள் நிலம் செம்மண், மானாவாரி. ஆடியில் ஒரு மழை பெய்தால் பதம் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அந்த இரண்டு நாளில் ஊரில் அத்தனை பேருக்கும் வண்டி வேண்டும். வெளியூரிலிருந்து வந்த உங்களுக்குக் கடைசியில்தான் முறை வரும், அதற்குள் மண் காய்ந்துவிடும். பதம் தப்பிப் போட்ட கடலை முளைப்பிலேயே காட்டிக் கொடுத்துவிடும். அந்த ஒரு காரணம் போதும். ஆனால் கடன் போட்டுப் புது வண்டி என்ற பேச்சு வேண்டாம்.

மாஸி பெர்குசன் 1035 என்றாய், சந்தோஷம். மாஸியைச் செய்கிற டாஃபே கம்பெனி 1960-ல் சென்னையில் தொடங்கியது, நம் மாநிலத்தில் ரொம்ப நாளாக ஓடுகிற வண்டி. எஞ்சினும் செம்பியத்தில் செய்த சிம்சன், 3 சிலிண்டர். திண்டுக்கல்லில் எந்த ஸ்பேர் கடையில் கேட்டாலும் பிஸ்டன் ரிங், பேரிங், கேஸ்கெட் எடுத்துப் போடுவார்கள். மகிந்திரா பி 275 கிடைத்தாலும் மோசமில்லை. எச்எம்டி நல்ல இரும்பு, எனக்கு ரொம்பப் பிடித்த வண்டி. ஆனால் அந்த ட்ராக்டர் தொழிலையே 2016-ல் மூடுவதென்று முடிவாகிவிட்டது. ஒரு கியர் உடைந்தால் பழைய சரக்கைத் தேடி அலைய வேண்டும். உழவு நேரத்தில் உன்னால் அலைய முடியாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் எந்த வருடத்து வண்டி என்றுதான் முதலில் கேட்பார்கள். நீ அதைக் கேட்காதே. இத்தனை நாளும் இது என்ன வேலை செய்தது என்று கேள். 30 வருட வண்டி புழுதி உழவு மட்டும் பார்த்திருந்தால் இன்னும் 20 வருடம் ஓடும். 10 வருட வண்டி தப்பான வேலையில் தேய்ந்து போயிருக்கலாம். மீட்டரை நம்பவே வேண்டாம். பழைய வண்டிகளில் அது எஞ்சின் சுற்றை வைத்துத்தான் மணி காட்டும், கேபிள் அறுந்தால் அப்படியே நின்றுவிடும். விற்பவர் சொல்லாவிட்டாலும் வண்டியே சொல்லிவிடும், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

நம் தஞ்சாவூர்ப் பக்கம் சேற்றில் உழன்ற வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்து மேற்கே கொண்டுபோய் விற்பது உண்டு. நான் பயப்படுவது அதற்குத்தான். கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டித் தொழி அடிக்கும்போது, அதாவது நடவுக்கு வயலைச் சேறாக்கும்போது, அச்சு வரைக்கும் சேற்றுத்தண்ணீர் நிற்கும். ஆயில் சீல் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். மாஸியில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான், ஹைட்ராலிக் பம்பும் அந்த ஆயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் கலந்தால் கியர், பேரிங், பம்ப் மூன்றும் சேர்ந்து கெடும். கியர் ஆயில் குச்சியை உருவிப் பார். ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடு, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஆயில் அன்றைக்குத்தான் மாற்றினது போலப் பளிச்சென்று இருந்தாலும் சந்தேகப்படு. அடியில் இருக்கிற டிரெயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொல். தண்ணீர் கனம், அடியில்தான் நிற்கும். ஆயிலுக்கு முன்னால் அதுதான் சொட்டும். பிரேக் டிரம்முக்குள் துருவும், பின் சக்கர ரிம்மின் உள்பக்கம் அரிப்பும் இருந்தால் அதுவும் சேற்று வண்டிதான்.

செங்கல் சூளையிலும் மணலிலும் லோடு அடித்த வண்டிக்கு வேறு அடையாளம். பின் டயர் நடுவில் மொழுக்கென்று தேய்ந்திருக்கும், ஓரத்துப் பட்டை உயரமாக நிற்கும். டிரெய்லர் மாட்டுகிற துளை வட்டமாக இல்லாமல் நீண்டு போயிருக்கும். அந்த மாதிரி வண்டியில் கிளச்சும் பிரேக்கும் போயிருக்கும். டாப் கியரில் ஒரு சின்ன இறக்கத்தில் விட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் பல் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

ஏமாற்றுகிற வண்டி என்றால் அது கதிரடிக்கும் மெஷினோடு நின்ற வண்டிதான். நின்ற இடத்திலேயே பிடிஓ, அதாவது மெஷினைச் சுற்றுகிற பின்பக்க ஷாஃப்ட், ஓடியிருக்கும். டயர் புதுசு, ஸ்டியரிங் டைட், பெயின்ட் கூடக் கம்பெனிப் பெயின்ட். எஞ்சின் மட்டும் கிழடு. ரேடியேட்டர் கண்ணிகளில் பதரும் தூசும் அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்.

சரி, எஞ்சின். நீ வருவதாகச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நில். கையை எஞ்சின் பிளாக்கில் வை. சூடாக இருந்தால் உனக்காக முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வா. குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ரிங் தேய்ந்த எஞ்சின் காலையில் முக்கும், ஒரு தடவை சூடாகிவிட்டால் நல்ல பிள்ளையாகிவிடும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடி. லேசான காற்று வரலாம். புகை புஸ்புஸ் என்று தள்ளினால் ரிங்கும் லைனரும் மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசு. சைலன்சரில் நீலப் புகை விடாமல் வந்தாலும் அதேதான். இழுவையில் கறுப்புப் புகை வந்தால் பயப்படாதே, டீசல் பீச்சுகிற நாசில், ஏர் ஃபில்டர், டீசல் பம்ப் இவற்றில் ஒன்றாக இருக்கும், சரிசெய்யலாம். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொள். ஓடும்போது தண்ணீரில் முட்டை முட்டையாகக் குமிழ் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இல்லை ஹெட்டே விரிசல் விட்டிருக்கும்.

ஹைட்ராலிக்குக்கு ஒரே சோதனைதான். கலப்பையை மாட்டி மேலே தூக்கி, எஞ்சினை நிறுத்து. மெதுவாக இறங்கினால் பழைய வண்டிக்கு அது இயல்பு. நிறுத்தியதும் தொப்பென்று விழுந்தாலோ, தூக்கும்போது உதறினாலோ செலவு இருக்கிறது. லிஃப்டுக்கு இரண்டு லீவர் இருக்கும், ஏன் என்று தெரிந்துகொள். இரண்டாவது லீவர், ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் கண்டுபிடித்த ஏற்பாட்டுக்கு. கலப்பை கெட்டி மண்ணில் மாட்டி இழுவை கூடினால், மேலே இருக்கிற டாப் லிங்க் வண்டியை நோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலை உணர்ந்து ஹைட்ராலிக் தானாகக் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். இழுவை குறைந்ததும் இறக்கிவிடும். நம் டிரைவர்கள் நிறையப் பேர் ஒரு லீவரை மட்டும் வைத்தே ஓட்டிப் பழகிவிட்டார்கள். உன் நிலத்தில் அடியில் சுக்கான் கல் இருக்கிறது என்றாயே, இந்த இரண்டாவது லீவரை நீ கட்டாயம் பழக வேண்டும். சக்கரம் பிடிக்காமல் சும்மா சுழல்வதும் டீசல் வீணாவதும் அதிலேயே குறையும்.

பேப்பர் விஷயத்தை மாப்பிள்ளையிடம் விடு, அவருக்கு அது நன்றாக வரும். சேஸிஸ் நம்பரை ஆர்சி புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்கச் சொல். பேங்க் பெயர் ஆர்சியில் இருந்தால் கடன் தீர்ந்தது என்று பேங்க் கொடுக்கிற என்ஓசியும் படிவம் 35-ம் கைக்கு வராமல் பணம் கொடுக்க வேண்டாம். 29, 30 இரண்டு படிவத்திலும் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்றிவிடுங்கள். பதிவு 15 வருடத்துக்குத்தான்; அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். டிரெய்லர் சேர்த்துக் கொடுத்தால் அதற்குத் தனிப் பதிவு.

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். வைத்துக் காப்பாற்றுவதில் உங்கள் ஊருக்கு முதல் எதிரி புழுதி. பழைய மாஸியில் ஏர் ஃபில்டர் ஆயில் குளியல் வகை. அடியில் ஒரு கிண்ணம் கிளிப் போட்டு மாட்டியிருக்கும். எஞ்சின் இழுக்கிற காற்று அந்த ஆயிலில் மோதித் தூசியை விட்டுவிட்டுத்தான் உள்ளே போகும். புழுதி உழவு நடக்கிற நாளில் தினமும் சாயங்காலம் கிண்ணத்தைக் கழற்று. அடியில் விரலை விட்டால் கசடு சேறாக ஒட்டும். ஊற்றிவிட்டு, டீசலில் கழுவித் துடைத்து, உள்ளே போட்டிருக்கிற கோடு வரைக்கும் புது ஆயில் விடு. கோட்டுக்கு மேலே போனால் எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்துக் குடிக்கும், கீழே இருந்தால் தூசி தப்பிப் போகும். கிளிப்பை மாட்டும்போது ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்ததா பார். 5 நிமிட வேலை. இதைச் செய்யாத எஞ்சினுக்கு இரண்டே வருடத்தில் சிலிண்டரைக் கடைகிற போரிங் செலவு வரும்.

எஞ்சின் ஆயில் 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று புத்தகம் சொல்லும். உன் நிலத்துக்கு வருடத்தில் அவ்வளவு ஓடாது. ஓடாவிட்டாலும் ஆடிக்கு முன்னால் வருடம் ஒரு முறை ஃபில்டரோடு மாற்றிவிடு. ரேடியேட்டரில் உங்கள் போர் உப்புத்தண்ணீரை ஊற்றாதே, கூலன்ட் விடு. சில மெக்கானிக்குகள் வண்டி சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். விடாதே. அது இல்லாத எஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராமல் ஓடி, ஆயில் கெட்டு, ரிங் சீக்கிரம் தேயும்.

டீசல் டேங்கை வேலை முடிந்த சாயங்காலம் நிரப்பு. பாதி டேங்க் இரவில் நின்றால் உள்ளே ஈரம் வேர்க்கும். சிஏவி வகை டீசல் பம்ப் இருக்கிற வண்டியில் பம்புக்கு டீசல்தான் மசகே, அதில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் பம்ப் போய்விடும்.

டீசல் தீர்ந்து பைப்பில் ஏர் பிடித்துவிட்டால் மெக்கானிக்கைத் தேடாதே, நீயே எடுத்துவிடலாம். டீசல் ஊற்று. ஃபில்டர் மேலே இருக்கிற ஸ்குரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசல் இழுக்கிற ஃபீட் பம்பின் கை லீவரை அடி. முதலில் நுரையாக வரும், குமிழே இல்லாமல் டீசல் வந்ததும் முடுக்கு. அப்புறம் பெரிய டீசல் பம்பில் இருக்கிற இரண்டு ஸ்குரூவையும் அதே மாதிரி எடு. கடைசியாக நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடி, டீசல் பீச்சியதும் முடுக்கு. கை லீவர் அழுத்தமே இல்லாமல் தொளதொளவென்று இருந்தால் பழுது என்று நினைக்காதே. உள்ளே கேம் தூக்கிய நிலையில் நின்றிருக்கும். எஞ்சினைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி அடி.

மழைக்காலத்தில் வண்டி நாள்கணக்கில் நின்றால் கிளச் பிளேட் ஒட்டிக்கொள்ளும். பெடலை அமுக்கி ஒரு கட்டையைக் கொடுத்து வை. வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணு, எலி வயரைக் கடித்திருந்தால் அப்போதே தெரியும்.

பாப்பா, இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று, வினாடிக்கு 9. துப்பட்டாவோ சேலைத் தலைப்போ நுனி பட்டால், கையை எடுப்பதற்குள் ஆளையே சுற்றிவிடும். மூடி இல்லாத ஷாஃப்ட் பக்கத்தில், எஞ்சின் நிற்காமல் போகவே போகாதே. வேலைக்கு வருகிறவர்களையும் விடாதே. இன்னொன்று, சக்கரம் சேற்றிலோ ஓடையிலோ மாட்டினால் டயரோடு கட்டையைக் கட்டி முன்னால் எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கட்டை தரையில் ஊன்றியதும் சக்கரம் சுற்ற முடியாது. அதற்குப் பதில் வண்டியின் மூக்கு மேலே எழும்பி, பின்னால் டிரைவர் மேலேயே கவிழும். குதிக்க நேரமிருக்காது. ரிவர்சில் எடுத்துப் பார், முடியாவிட்டால் இன்னொரு வண்டி வரட்டும். இழுக்கிற கயிறையும் எப்போதும் கீழே இருக்கிற கொக்கியில்தான் மாட்ட வேண்டும், சீட்டுக்குப் பக்கத்தில் உயரமாக எங்கேயும் மாட்டாதே.

டிரைவர் வைத்துக்கொண்டாலும் இந்த வேலைகள் எல்லாம் உனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஸ்பேனர் பிடிக்க உனக்குச் சின்ன வயதிலேயே வரும், ஓரமாக நின்று பார்க்கிற பழக்கம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கப் போகும்போது எனக்கு வீடியோ கால் போடு. குளிர்ந்த எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதே போனை ஆயில் மூடிக்குப் பக்கத்தில் பிடி. சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா