மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்

கோபிசெட்டிபாளையம்
ஐப்பசி மாதம்

அன்புள்ள சரசு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நல்ல மழை. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டு எங்கள் பக்கம் நடவெல்லாம் முடிந்துவிட்டது. மகளுக்கு இரண்டாவதும் பையன். அம்மாவும் பிள்ளையும் சுகம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை.

சரி, நீ கேட்ட விஷயம். ரோட்டுக்கு எடுத்த நிலத்துக்கு வந்த பணமும் உன் வீட்டுக்காரரின் ரிட்டையர்மென்ட் பணமும் கணக்கில் கிடக்கிறது, பேங்கிலிருந்து தினம் ஒரு பிள்ளை போன் செய்கிறது, போதாததற்கு உன் நாத்தனார் மகன் பாலிசி படிவத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான், பணத்தை என்ன செய்வது, யாரைக் கேட்பது என்று எழுதியிருந்தாய். போன வருடம் எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொருவருக்கும் விற்க ஒரு சரக்கு இருக்கிறது. எதையும் விற்காமல், கட்டணம் வாங்கிக்கொண்டு யோசனை மட்டும் சொல்கிற ஒரு ஆள் வேண்டும் என்றுதான் நான் தேடினேன்.

அப்படிப்பட்டவர்களுக்குச் செபியில், அதாவது பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கிற அரசு அமைப்பில், பதிவு உண்டு. 2013ல் இதற்கென்று தனி விதிகள் வந்தன. பதிவு பெற்றவரின் எண் ‘ஐஎன்ஏ’ என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்தில் தொடங்கும். மியூச்சுவல் ஃபண்டு விற்கிறவரிடம் இருப்பது ‘ஏஆர்என்’ எண், அது வேறு. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், ஏனென்றால் விசிட்டிங் கார்டில் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் போட்டுக்கொள்கிறார்கள். செபியின் இணையதளத்தில் பெயர்ப் பட்டியல் முழுதும் இருக்கிறது. தம்பியை விட்டுப் பார்க்கச் சொல். பதிவு பெற்றவர் உனக்கு யோசனை சொல்லிக் கட்டணம் வாங்கினால், உனக்கே ஃபண்டு விற்று அதில் கமிஷனும் வாங்கக் கூடாது. 2020ல் கொண்டுவந்த கட்டுப்பாடு அது.

தேடும்போதுதான் சிரமம் புரிந்தது. ஆள் குறைவு. அதிலும் பலர் வருடச் சந்தா வாங்குகிறவர்கள், அல்லது மொத்தப் பணத்தில் இத்தனை சதவீதம் என்பவர்கள். நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, சதவீதக் கணக்கு என்றால் இரண்டரைக்கு மேல் கூடாது என்று செபி உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது பெரிய பணக்காரர்களுக்குச் சரி. நமக்கு வேண்டியது இரண்டு மணி நேரப் பேச்சு. அமெரிக்காவில் ஷெரில் கேரட் என்ற பெண்மணி 2000ல் இதற்காகவே, நடுத்தரக் குடும்பங்களுக்கு மணிக்கணக்கில் ஆலோசனை சொல்கிறவர்களை ஒன்றுசேர்த்து ஓர் அமைப்பே தொடங்கியிருக்கிறார். இங்கே ஒவ்வொருவராகப் போன் போட்டு, “மணிக்கு இவ்வளவு என்று வாங்குவீர்களா?” என்று கேட்க வேண்டியிருக்கிறது. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு அம்மா அகப்பட்டார். மணிக்கு 3,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

என் வீட்டுக்காரரிடம், அதான் உன் அண்ணனிடம், சொன்னேன். “பேசறதுக்கா மூவாயிரம்?” என்றார். காட்டை விற்றபோது தரகருக்கு இரண்டு பர்சென்ட் எண்ணிக் கொடுத்தவர் இவர், அன்றைக்கு முகம் சுளிக்கவில்லை. கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற காசுதான் நம் ஆட்களுக்குக் காசாகத் தெரிகிறது. ஃபண்டில் விற்றவருக்குக் கமிஷன் போகிறது ரெகுலர் பிளான், கமிஷன் இல்லாமல் நாமே நேராகப் போடுவது டைரக்ட் பிளான். ரெகுலர் பிளானில் உன் பணம் இருபது லட்சம் கிடக்கிறது, டைரக்ட் பிளானைவிடச் செலவு ஒரு சதவீதம் கூட என்று வைத்துக்கொள். வருடம் இருபதாயிரம் சத்தமில்லாமல் போகும், பணம் வளர வளர அதுவும் வளரும். டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. எங்களிடம் அதுவரை அதைச் சொன்னவர் யாரும் இல்லை. நம் பணத்திலிருந்து விற்றவருக்குப் போன கமிஷன் அரையாண்டு அறிக்கையில் ரூபாயாகவே அச்சாகி வருகிறது. உறையைப் பிரித்து அந்தக் கட்டம் வரைக்கும் படிக்கிறவர்கள்தான் இல்லை.

இரண்டு மணி நேரம் பேசினோம், வீடியோவில்தான். ஒப்பந்தம் கையெழுத்தாகி, வருமானம், கடன், நஷ்டம் வந்தால் தாங்குவோமா என்பதெல்லாம் எழுத்தில் வாங்கிய பிறகே யோசனை. கட்டணம் பேங்க் வழியாகத்தான், ரொக்கம் வாங்கக் கூடாதாம். நம் பணம் எதுவும் அவர் கைக்குப் போவதில்லை, அவர் சொல்வதை நாமே செய்துகொள்கிறோம். அந்த அம்மா முதலில் கேட்டது, மாதம் எவ்வளவு இருந்தால் சோறு, மருந்து, மொய் எல்லாம் ஓடும் என்று. அதுவரை வந்த ஒருவரும் அதைக் கேட்டதில்லை, சரசு!

அப்புறம் சொன்ன யோசனை சப்பென்றுதான் இருந்தது. போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்பில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். நாங்கள் போட்டபோது வட்டி 8.2 சதவீதம், முழுதும் போட்டால் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வரும். அதற்கு ஏஜெண்ட் கமிஷனை 2011லேயே நிறுத்திவிட்டார்கள், அப்புறம் யார் வீடு தேடி வந்து சொல்லப் போகிறார்கள்? பேங்க் டெபாசிட்டை ஒரே பேங்கில் குவிக்காதே, பேங்க் மூழ்கினால் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் ஒரு பேங்குக்கு 5 லட்சம் வரைதான் என்றார். மிச்சத்தில் கொஞ்சம் ஃபண்டில். புதுப் பாலிசி ஒன்றும் வேண்டாம். உன் அண்ணனுக்கு இது ஏமாற்றம்தான், ஏதோ ரகசியம் சொல்வார் என்று நினைத்திருந்தார். 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைக்காரர்களிடம் பணம் போட்டு ஏமாந்து நம் சனம் பட்ட பாட்டைப் பார்த்தவளுக்கு இந்தச் சப்பென்ற யோசனையே போதும்.

ஆலோசகரிடம் பேசுவதற்கு முன் கணக்கு அறிக்கை, பாலிசிப் பத்திரம், கடன் விவரம் எல்லாம் ஒரே ஃபைலில் போட்டு வை. தேடுகிற நேரத்துக்கும் மீட்டர் ஓடும். “வேறு எங்கிருந்தாவது உங்களுக்குப் பணம் வருமா?” என்று நேராகக் கேள், பதிலை எழுத்தில் வாங்கு. நாத்தனார் மகனிடம் முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டாம், “பேத்தி காதுகுத்து முடியட்டும், பார்க்கலாம்” என்று தள்ளிப் போடு. அவனுக்கும் மார்ச் வந்தால் டார்கெட், பாவம்.

அந்த அம்மாவின் நம்பரைத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். அவரைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. பட்டியலிலிருந்து இன்னும் ஒருவரிடம் பேசிப் பார்த்துவிட்டு முடிவு செய். மார்கழியில் பாரியூர் அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்கு வருகிறாய் அல்லவா? முந்தின நாளே வந்துவிடு. உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா, பஸ் ஏறியதும் போன் செய்.

அன்புடன்,
கமலா