உப்பளத்தின் சிவப்பையும் அறுவடை செய்யலாமே

தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை முற்ற முற்ற உப்புப் பாத்தித் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுவதை உங்கள் வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பை விரும்பும் நுண்ணுயிரிகளோடு சேர்ந்து அந்த நிறத்தைத் தருவது துனலியெல்லா சலினா என்ற நுண்பாசி. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், சாட்டை போன்ற இரண்டு இழைகளை வீசிக்கொண்டு நீந்தும் ஆரஞ்சு உருண்டைகள் தெரியும். அந்த ஆரஞ்சுதான் பீட்டா கரோட்டின். முருங்கைக் கீரையிலும் கேரட்டிலும் இருப்பது, உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வது.

வாலிநோக்கத்தில் சில பாத்திகளை ஒதுக்கி இந்தப் பாசியை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மற்றப் பயிர் வாடும் இடத்தில்தான் இது நிறம் கட்டும். சுள்ளென்ற வெயில், கடும் உப்பு, நைட்ரஜன் பற்றாக்குறை மூன்றும் சேர்ந்தால், செல் தன்னைக் காத்துக்கொள்ளக் கரோட்டினைச் சேமிக்கிறது. உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சேரும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூனில் பரந்த ஆழமற்ற குளங்களில் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். அங்கே தண்ணீரைக் கலக்குவது காற்றுதான். இஸ்ரேலின் ஐலாட்டில் சிறிய குளங்களில் துடுப்புச் சக்கரம் வைத்துச் சுழற்றுகிறார்கள். நிலமும் காற்றும் உள்ள நமக்கு முதல் வழிதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

சிக்கல் அறுவடையில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் பாசிகூடத் தேறாது. அவ்வளவு தண்ணீரையும் கையாண்டு பாசியைப் பிரிக்க வேண்டும். கெட்டியான செல்சுவர் இல்லாததால் அழுத்தம் கூடினால் செல் உடைந்து கரோட்டின் வீணாகும். பிரித்தெடுத்ததையும் காற்றும் வெளிச்சமும் படாமல் சீக்கிரம் பதப்படுத்தியாக வேண்டும். செலவு முழுக்க இங்கேதான், குளம் வெட்டுவதில் இல்லை. பாசி வளர்த்த தண்ணீரை அப்படியே உப்புப் பாத்திக்குத் திருப்பவும் வேண்டாம், அதிலுள்ள கரிமப் பொருள் உப்பின் தரத்தைக் கெடுத்துவிடும். தனிச் சுற்றுதான் சரி. வடகிழக்குப் பருவமழையில் உப்புச் செறிவு குறைந்ததும் பாசியைத் தின்னும் உயிரிகள் நுழைந்துவிடும் என்பதால் மழைக்கு முன்பே அறுவடையை முடிக்க வேண்டும்.

இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பைத் தயாரிக்கும் நிறுவனம் உங்களுடையது. உணவு வழியாகச் சத்துக் கொடுப்பது உங்களுக்குப் புதிதல்ல. பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற நச்சுச் சாயம் கலந்திருந்ததால் 2024-இல் அதன் விற்பனைக்கே தமிழ்நாட்டில் தடை வந்தது. குழந்தைகள் தின்னும் பண்டத்துக்குப் பாதுகாப்பான மஞ்சள் நிறமும் ஆரஞ்சு நிறமும் நம் உப்பளத்திலிருந்தே கிடைக்குமென்றால் அதை ஏன் விட வேண்டும்? ஆனால் மாத்திரையாக விற்கும் ஆசை வேண்டாம். பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்ட புகைபிடிப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியதை 1994-இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வு காட்டியது. உணவு நிறமாகவே இருக்கட்டும்.

அப்புறம், இந்த வேலை யாருக்கு? வெயிலில் கண் கூச, காலில் உப்பு அரிக்க, உப்பு வாரும் பெண்களுக்குத்தான் முதலில் பயிற்சி தர வேண்டும். எந்தப் பாத்தி எப்போது சிவக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வரும் பங்குனியிலேயே எல்லாப் பாத்திகளிலிருந்தும் தண்ணீர் மாதிரி எடுத்து ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நம் மண்ணின் பாசி வகைகளில் எது அதிகம் கரோட்டின் சேர்க்கிறது என்று தெரிந்த பிறகு, எத்தனை பாத்தி ஒதுக்கலாம் என்று முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்