அபுவெலாவுக்கான படையல்: மகளுக்கு ஒரு கடிதம்

புவெப்லா, மெக்சிகோ,
அக்டோபர் 19.

அன்புள்ள மகளுக்கு,

மறைந்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்று இங்குள்ளோர் நம்பும் இறந்தோர் நாளின் படையலை இவ்வாண்டு வெராக்ரூஸில் உன் வாடகை வீட்டிலேயே வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். நீ பேசக் கற்ற நாள்முதல் அபுவெலா என்று அழைத்த நம் அடுத்த வீட்டுப் பாட்டி மார்ச் மாதத்தில் மறைந்த பிறகு வரும் முதல் நவம்பர் இது. அவருடைய பிள்ளைகள் அவர் வீட்டிலேயே படையல் வைக்கிறார்கள். நானும் போய்க் கைகொடுக்கிறேன். ஆயினும் அவர் உன்னைத் தேடியும் வருவார் என்று நீ நினைப்பதில் எனக்கு மறுப்பில்லை. நீ கேட்ட பக்குவங்களை அவர் எனக்குச் சொல்லித்தந்தபடியே எழுதுகிறேன்.

படையல் யாருக்கோ அவருடைய நாக்குக்கே சமைக்க வேண்டும் என்பதை நான் பிழை செய்துதான் கற்றேன். நாங்கள் இவ்வூருக்கு வந்த முதல் ஆண்டில் அவர் தம் கணவருக்குப் படையல் வைத்தபோது, பன்றிக் கொழுப்பைத் தொட மனம் வராமல், எண்ணெய் ஊற்றிப் பிசைந்த தமாலேக்களை, அதாவது மக்காச்சோள மாவை உறையில் மடித்து ஆவியில் வேகவைக்கும் கொழுக்கட்டைகளை, நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, சற்றும் கோபமில்லாமல், "இதற்காக அவர் அவ்வளவு தூரம் வரமாட்டார், பெண்ணே" என்றார். ஆகையால் அபுவெலாவின் தமாலேக்களுக்கு நீ கொழுப்பைத்தான் வாங்க வேண்டும். உனக்கென்று நாலைந்தைத் தனியே வெண்ணெயில் செய்துகொள்.

சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவு, அதாவது மாசா, ஒரு கிலோவைச் சந்தையில் ஈரமாகவே வாங்கு. முந்நூறு கிராம் கொழுப்பை முதலில் தனியாக, அது வெளுத்து நுரைத்து வரும்வரை அடித்து, பிறகு மாசாவையும் ஒரு மேசைக்கரண்டி உப்பையும் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் சேர்த்து, வெதுவெதுப்பான கோழிச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைய வேண்டும். ஒரு சிட்டிகை மாவை உருட்டித் தண்ணீரில் போட்டால் அது மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அடி. உள்ளே வைப்பதற்கு அவருக்குப் பிடித்தது, பொப்லானோ மிளகாயைத் தீயில் சுட்டுத் தோலுரித்து நறுக்கிய கீற்றுகளும் பாலாடைக்கட்டியும். உன் ஊர்ச் சந்தையில் வாழையிலையைக் கண்டதும் அதை அனலில் வாட்டிக் கட்டிவிட உனக்குக் கை துறுதுறுக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாழையிலைத் தமாலேயை அவர் 'கடற்கரைக்காரர்களின் பொட்டலம்' என்று கேலி செய்தவர் அல்லவா? ஊறவைத்த மக்காச்சோளக் கதிரின் உலர்ந்த மேலுறையிலேயே மடித்துவை. ஆவிப் பானையின் அடித் தண்ணீரில் ஒரு நாணயத்தைப் போட மறவாதே. அதன் கடகடப்பு நின்றுவிட்டால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள்.

வேகும் நேரத்தை மட்டும் என்னிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளாதே. புவெப்லா கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் தமாலே, துறைமுகத்தில் இருக்கும் உனக்கு ஒரு மணி நேரத்தில் வெந்துவிடலாம். உறையைப் பிரித்தால் மாவு ஒட்டாமல் விலகி வருகிறதா என்று பார், கடிகாரத்தைப் பார்க்காதே.

ரொட்டிக்கும் இதே எச்சரிக்கைதான். மற்ற ஊர்களில் பான் தே முயெர்தோ, அதாவது இறந்தோர் ரொட்டி, என்று சர்க்கரை தூவி விற்பதை இங்கே ஒஹால்ட்ரா என்று அழைத்து எள் தூவிச் சுடுகிறோம், அபுவெலாவுக்கும் எள்தான். அரைக் கிலோ மைதா, 110 கிராம் சர்க்கரை, 7 கிராம் உலர் ஈஸ்ட், நான்கு முட்டை, நூறு மில்லி பால், 120 கிராம் வெண்ணெய், ஒரு ஆரஞ்சின் துருவிய தோல், ஒரு மேசைக்கரண்டி ஆரஞ்சுப் பூ நீர், சிட்டிகை உப்பு. சோம்பைப் போல மணக்கும் அனிஸ் விதையைச் சிறிது பாலில் கொதிக்கவிட்டு, ஆறவைத்து வடிகட்டிச் சேர். வெண்ணெயைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். மாவு கையில் பிசுபிசுவென்று ஒட்டும். பயந்து மேலும் மைதாவைக் கொட்டிவிடாமல் கால் மணி நேரம் பிசைந்தால் தானே பட்டுப்போல் ஆகிவிடும். உயரமான ஊரில் காற்றழுத்தம் குறைவாதலால் மாவு சீக்கிரம் பொங்கும் என்பார்கள். ஆனாலும் என் குளிர்ந்த சமையலறையில் அது இரவெல்லாம் உறங்குகிறது. உன் ஊரின் புழுக்கத்திலோ அது ஓரிரண்டு மணியில் இருமடங்காகிப் புளித்துவிடக்கூடும், ஆதலால் முதல் பொங்கலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் நடக்கவிடு. உருண்டையின் மேல் எலும்புகளாக நீட்டிய மாவைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, நடுவில் மண்டையோடாக ஒரு குமிழை ஒட்டி, முட்டை தடவி எள் தூவி, 180 பாகையில் சுமார் இருபத்தைந்து நிமிடம் சுடு.

பூசணிக்காயில் மட்டும் நீ பிழைபட முடியாது. இரண்டு கிலோவைத் தோலோடு பெருந்துண்டுகளாக்கித் தெளிந்த சுண்ணாம்பு நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து நன்றாகக் கழுவினால் அது குழைந்து போகாது. பிறகு முக்கால் கிலோ பிலொன்சியோ, பட்டை, இரண்டு கிராம்பு, கொய்யா, கரும்புத் துண்டு, கிடைத்தால் தெஹொகோதே என்னும் சிறு பழம் ஆகியவற்றோடு, சிறிதளவே தண்ணீர் விட்டு, மூடிவைத்து, பாகு கெட்டியாகும்வரை மெல்லிய தீயில் வேகவிடு. பிலொன்சியோ நம் ஊர் அச்சுவெல்லத்தின் உடன்பிறப்புதான்; ஊரிலிருந்து வந்த வெல்லத்தில் ஒருமுறை இதைச் செய்தபோது அபுவெலாவால் வேறுபாடு காண முடியவில்லை.

மிளகாயும் கொட்டைகளும் அரைத்த குழம்பான மோலேயை நீ செய்ய வேண்டாம். முலாத்தோ, ஆஞ்சோ, பஸியா என்று ஒவ்வொரு மிளகாயையும் தனித்தனியே கொழுப்பில் வாட்டி, எள், பாதாம், நிலக்கடலை, உலர் திராட்சை, நேந்திரம், சாக்லேட் எல்லாவற்றையும் அரைத்து முடிப்பதற்குள் இரண்டு நாள் போய்விடும், மிளகாய் நெடியில் உன் மாடிக் குடியிருப்பே இருமும். ஒரு மிளகாய் கருகினாலும் பானை முழுவதும் கசக்கும். எவ்வளவு சாக்லேட் போட்டாலும் அதை மீட்க முடியாது என்பதை நான் ஒரு முழுப் பானையைக் கொட்டித் தெரிந்துகொண்டேன். ஆகவே நாங்கள் இங்கே அரைக்கும் விழுதில் ஒரு புட்டியைப் பேருந்தில் அனுப்பிவைக்கிறேன். வான்கோழிச் சாற்றில் கரைத்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்கவை.

நவம்பர் 1 நண்பகலுக்குள் எல்லாம் மேசையில் இருக்கட்டும். வருகிறவர்கள் உணவின் மணத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள் என்று அபுவெலா சொல்வார், ஆதலால் எதையும் குளிர்ந்தபடி வைக்காமல் ஆவி பறக்கவே கொண்டுபோய் வை. ஒரு குவளைத் தண்ணீரும் சிறிது உப்பும் மெழுகுவர்த்தியும் விட்டுப்போகக் கூடாது. செம்பசூசில் பூவின் இதழ்களை வாசலிலிருந்து தூவிவிடு. சென்னைக் கோயில் வாசல்களில் மாலையாகத் தொங்கும் துலுக்கச் செவ்வந்தியேதான் அது, ஆனால் அதற்குத் தாய்நாடு இந்த மண். 2ஆம் தேதி படையலை எடுத்தபின் அண்டை வீட்டாருக்கும் கொடுத்துச் சாப்பிடு. அன்று உணவில் சுவை குறைந்திருக்கும் என்று இங்கே எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இரண்டாம் நாள் மோலே எப்போதும் கூடுதலாகவே ருசித்திருக்கிறது.

பட்டையும் பிலொன்சியோவும் போட்டுக் காய்ச்சிய காப்பியை அவர் எந்த மண்கோப்பையில் குடிப்பாரோ அதை அவர் மகள் உனக்கென்று கொடுத்திருக்கிறார். மோலேப் புட்டியோடு துணியில் சுற்றி அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். 30ஆம் தேதி மாலை பேருந்து நிலையத்தில் பெற்றுக்கொள். அதன் பிடியில் ஒரு விரிசல் இருக்கிறது, கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிடாதே.

அன்புடன்,
அம்மா